நாலு சக்கரமும் இழுத்தால் நல்லதா?

சேலத்துக்குக் கிழக்கே இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். ஊரின் பெருமை கோதண்டராமர் கோயில். இலங்கையில் இருந்து திரும்பிய ராமர் இங்கே தங்கினார் என்பது ஊர் வழக்கு. அவர் வந்தது புஷ்பக விமானத்தில். அதனால் ரோட்டைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை!

இன்று இந்த ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை உண்டு.

ஒரு ரோடு வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போகிறது. அது நெடுஞ்சாலை. இன்னொரு ரோடு மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்குப் போகிறது. குப்பனூர் போனால், அங்கிருந்து ஏற்காட்டுக்கு மலை ஏறலாம். சமவெளி, கணவாய், மலை மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆகவே, கார் மாற்ற நினைக்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "இரண்டு சக்கரம் இழுக்கிற கார் போதுமா? நாலு சக்கரமும் இழுக்கிற கார் வேண்டுமா?"

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

மகனுக்குச் சேலத்தில் வேலை. அவனிடம் ஒரு குட்டிக் கார் இருக்கிறது. பார்ப்பதற்குச் சின்னது. மிதித்தால் பாய்ந்து போகும். நாலு வருடமாக ஓட்டுகிறான். இப்போது ஆசை வேறு பக்கம் திரும்பி இருக்கிறது.

"அப்பா, இந்தக் காரைக் கொடுத்துவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கலாம் என்று பார்க்கிறேன். மழையில் ஏற்காடு போய் வர அதுதான் பத்திரம்."

"எவ்வளவு கூட ஆகும்?"

"ஆறு லட்சம் ஆகும். கடன் கொடுக்கிறார்கள்."

அடுப்படியில் இருந்து அம்மா கேட்கிறாள். "ஏன் கண்ணு, இப்போது இருக்கிற காருக்கு எத்தனை சக்கரம்? அதற்கும் நாலுதானே?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால், அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. விடை தெரிந்தால் ஆறு லட்சத்தைப் பற்றி முடிவு செய்துவிடலாம்.

மாடும் தேரும்

எல்லாக் காருக்கும் நாலு சக்கரம் உண்டு. ஆனால், என்ஜினின் பலம் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மாட்டு வண்டியில் மாடு முன்னால் இருக்கிறது. வண்டியை இழுக்கிறது. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். என்ஜின் முன்னால் இருக்கிறது. முன் சக்கரம் இரண்டும் இழுக்கின்றன. பின் சக்கரம் இரண்டும் சும்மா உருண்டு வருகின்றன.

லாரி வேறு மாதிரி. என்ஜின் முன்னால் இருந்தாலும், பலம் ஒரு நீண்ட இரும்புத் தண்டு வழியாகப் பின்னால் போகிறது. பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளுகின்றன. நாமக்கல், சங்ககிரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியது இல்லை.

மூன்றாவது வகைக்குத் தேரைப் பாருங்கள். முன்னால் வடம் பிடித்து ஆயிரம் பேர் இழுக்கிறார்கள். பின்னால் நெம்புகோல் போட்டுச் சிலர் தள்ளுகிறார்கள். நாலு சக்கரமும் வேலை செய்யும் கார் அப்படிப்பட்டது. முன்னும் இழுக்கும், பின்னும் தள்ளும்.

இதனால் என்ன லாபம்? ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றாலும், மற்றவை பிடித்துக் கொள்ளும். வண்டி புதையாமல் நகரும்.

ஆனால், தேரில் இன்னொரு ஆள் உண்டு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். தேர் நிற்பதும், திரும்புவதும் அவர் கையில் இருக்கிறது. வடம் பிடிக்க இன்னும் ஆயிரம் பேர் வந்தாலும், அவருடைய வேலை குறைந்துவிடாது!

இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

குட்டிக் கார் பாய்ந்த கதை

பின்பக்கத்தில் மேலே தூக்கும் கதவு உள்ள சின்னக் காருக்கு ஹேட்ச்பேக் என்று பெயர். அதில் பலமான என்ஜினைப் பூட்டினால் அது ஹாட் ஹேட்ச். "சூடான குட்டிக் கார்" என்று சொல்லலாம்.

இந்த வகையை உலகப் புகழ் பெறச் செய்தது ஜெர்மனியின் கோல்ஃப் ஜிடிஐ. 1976ல் அது விற்பனைக்கு வந்தது. 5,000 கார் விற்றால் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள். அந்த முதல் மாதிரியே 4 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது!

அந்தக் காலத்தில் நாலு சக்கர இழுவை என்றால் ஜீப்தான். இரண்டாவது உலகப் போரில் சேறு, மணல், மலை எல்லாவற்றிலும் ஏறியது ஜீப். "அது பட்டாளத்து வண்டி. வேகக் காருக்கு எதற்கு?" என்றே பலரும் நினைத்தார்கள்.

1977ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அந்த நினைப்பு மாறியது. பின்லாந்தில் ஆடி கம்பெனியின் என்ஜினீயர்கள் பனியில் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். கூடவே இல்டிஸ் என்ற ராணுவ வண்டியும் போயிருந்தது. அதற்கு 75 குதிரை சக்திதான். ஆனால், அதைவிடப் பலமான கார்கள் எல்லாம் பனியில் வழுக்கித் தடுமாறியபோது, அது முன்னே போய்க் கொண்டே இருந்தது! காரணம், நாலு சக்கர இழுவை.

அதன் பலனாக 1980ல் ஆடி குவாட்ரோ கார் பிறந்தது. மண், பனி, மலை வழியாக நடக்கும் 'ராலி' பந்தயங்களில் அது வெற்றி மேல் வெற்றி பெற்றது. 1981ல் இத்தாலியின் சான்ரெமோ பந்தயத்தில் அதை ஓட்டி முதலாவதாக வந்தவர் மிஷேல் மூட்டன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. உலக ராலிப் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண் அவரே.

பிறகு குட்டிக் கார்களுக்கும் அந்த வித்தை வந்தது. இத்தாலியின் லான்சியா டெல்டா, முன் சக்கரம் இழுக்கும் ஹேட்ச்பேக்காகத்தான் பிறந்தது. 1986ல் அதற்கு நாலு சக்கர இழுவை கொடுத்தார்கள். 1987 முதல் 1992 வரை, ஆறு வருடம் தொடர்ந்து உலக ராலிப் பட்டம் அதற்கே!

கோல்ஃபிலும் இன்று இரண்டு வகை உண்டு. முன் சக்கரம் இழுக்கும் ஜிடிஐக்கு 265 குதிரை சக்தி. நாலு சக்கரமும் இழுக்கும் கோல்ஃப் ஆருக்கு 333. அவ்வளவு பலத்தையும் இரண்டு முன் சக்கரத்திலேயே கொட்டினால், ஈர ரோட்டில் அவை சுழன்றுவிடும். அதனால் பாதிச் சுமையைப் பின் சக்கரத்துக்குப் பங்கு போடுகிறார்கள்.

வெளிநாடுகளில் ஒருவர் "ஜிடிஐயை மாற்றி ஆர் வாங்கலாமா?" என்று தலையைப் பிய்த்துக் கொண்டால், அதற்கு இதுதான் பொருள்.

நம் நாட்டில் என்ன கிடைக்கிறது?

கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. முழுக்க இறக்குமதி. அப்போது விலை சுமார் 53 லட்சம் ரூபாய்! ஆர் வகை அதனுடன் வரவில்லை.

நம் நாட்டுக் குடும்பங்களுக்கு எட்டிய வேகக் குட்டிகள் வேறு. 2017ல் பலேனோ ஆர்எஸ் வந்தது. 2021ல் ஐ20 என் லைன் வந்தது. 2024ல் அல்ட்ரோஸ் ரேசர் வந்தது. பின்னவை இரண்டுக்கும் 120 குதிரை சக்தி. மூன்றிலும் முன் சக்கரம்தான் இழுக்கிறது. அதே காரை நாலு சக்கர இழுவையோடு கேட்டால் கிடைக்காது.

ஜப்பானில் கிடைக்கிறது. நம் ரோட்டில் தினமும் பார்க்கும் ஸ்விஃப்ட் காரே அங்கே இரண்டு வகையாகவும் விற்கிறது. இந்தியாவில் ஒரே வகை. ஏன் அப்படி? ஜப்பானின் வடக்கே மாதக் கணக்கில் பனி கொட்டும். வீட்டு வாசலில் இருந்து காரை எடுப்பதே கஷ்டம். அங்கே அது அவசியம். அந்த அவசியத்துக்காக ஏறத்தாழ எழுபது, எண்பது கிலோ கூடுதல் எடையைக் கார் சுமக்கிறது. வளர்ந்த ஆள் ஒருவர் எப்போதும் கூடவே உட்கார்ந்து வருவது போல! பெட்ரோலும் அதற்கேற்பக் கூடுதலாகப் பிடிக்கும்.

இங்கே நாலு சக்கர இழுவை வேண்டும் என்றால், வேறு வண்டிக்குத்தான் போகவேண்டும். 2023 ஜூனில் ஜிம்னி வந்தது. 2020ல் புதிய தார் வந்தது. இரண்டும் ஜீப் சாதி. உயரமானவை, உறுதியானவை. கரடுமுரடான வழிக்கென்றே செய்தவை. குட்டிக் கார் போலத் தரையை ஒட்டிப் பாய்கிற வண்டிகள் அல்ல.

ஆகவே, மகன் செய்ய நினைப்பது சின்ன மாற்றம் அல்ல. பந்தயக் குதிரையைக் கொடுத்துவிட்டு, பாரம் சுமக்கும் குதிரையை வாங்குவது போன்றது.

தார் ரோட்டில் இரண்டுதான்!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது.

ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் நாலு சக்கர இழுவை எப்போதும் வேலை செய்வதில்லை. ஒரு நெம்புகோலைப் போட்டால்தான் வேலை செய்யும். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போடவும் கூடாது.

ஏன்? வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். பின் சக்கரம் குறைந்த தூரம் ஓடும். நாலு சக்கர இழுவையைப் போட்டால், இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக் கொள்ளும். சேற்றிலோ மணலிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. வண்டி திணறும். டயர் தேயும். கியர் பாகங்கள் கெடும்.

சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு போகும் பெரிய பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. காய்ந்த நாளில் இந்த வண்டி அந்த இருபது வளைவையும் இரண்டு சக்கர இழுவையிலேதான் ஏறவேண்டும்!

எப்போதும் நாலு சக்கரத்துக்கும் தானாகவே பலத்தைப் பங்கிடும் கார்களும் உண்டு. மின்சாரக் காரில் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார் வைத்து அதைச் செய்கிறார்கள். 2025 ஜூனில் வந்த ஹாரியர் மின்சாரக் காரின் உயர்ந்த வகை அப்படிப்பட்டது. ஆனால், அவை பெரிய கார்கள். விலையும் பெரிது.

ஏறுவது வேறு, இறங்குவது வேறு

மகன் சொன்ன காரணம் மழை, மலை, பத்திரம். அதில் உண்மை உண்டா?

கொஞ்சம் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் காரின் எடை பின்பக்கம் சாய்கிறது. முன் சக்கரம் லேசாகிவிடுகிறது. ஈரத்தில் நின்று கிளம்பினால், முன் சக்கரம் சில நேரம் சுழலும். நாலு சக்கரமும் இழுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால், மலையில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் ஏற்றம் அல்ல. இறக்கம்.

2024 ஏப்ரல் 30ஆம் தேதி, ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கி வந்த ஒரு தனியார் பஸ் மலைப்பாதையில் கவிழ்ந்தது. பல குடும்பங்கள் கண்ணீரில் மூழ்கின. சேலம் மக்கள் அதை மறக்கமாட்டார்கள். அதே வருடம் டிசம்பரில், ஃபெங்கல் புயல் மழையால் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்தக் காரானாலும் வீட்டில் இருப்பதே நல்லது.

இறங்கும்போது வேண்டியது இழுக்கும் பலம் அல்ல. நிற்கும் பலம். இங்கேதான் அம்மாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. இழுப்பது இரண்டு சக்கரமாக இருக்கலாம், நாலாக இருக்கலாம். ஆனால், பிரேக் எந்தக் காரிலும் நாலு சக்கரத்தையும் பிடிக்கிறது!

பிரேக் பிடித்ததும் கார் நிற்பது எதனால்? டயர் ரோட்டைப் பற்றுவதால். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான் முழுக் குடும்பத்தையும் காப்பாற்றுகிறது. அந்த ரப்பர் மொட்டையாக இருந்தால், எத்தனை சக்கரம் இழுத்தும் பயன் இல்லை.

வேகமும் முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரே ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும்.

நாலு சக்கர இழுவையில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. ஈரத்தில் சக்கரம் சுழன்றால், "ரோடு வழுக்குகிறது" என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். நாலும் இழுத்தால் சுழலாது. எச்சரிக்கை கிடைக்காது. தைரியம் கூடும். வேகமும் கூடும். வளைவில் பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மை தெரியும்!

பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. "எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு." என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரை எடுத்துவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். இந்தப் பாடத்துக்குக் காசு இல்லை.

கணக்குப் பார்ப்போம்

இனிப் பணம். ஒரு சாதாரணக் கணக்கு.

2024 மே மாதம் வந்தபோது ஸ்விஃப்ட் காரின் ஆரம்ப விலை ஆறரை லட்சம். 2023 ஜூனில் வந்தபோது ஜிம்னியின் ஆரம்ப விலை பன்னிரண்டே முக்கால் லட்சம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு லட்சம்.

2025 செப்டம்பர் 22 முதல் வரி மாறியது. நாலு மீட்டருக்கு மேல் நீளாத, 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். என்ஜின் அதைவிடப் பெரிதானால் 40 சதவீதம். ஜிம்னி குட்டை வண்டிதான். ஆனால், என்ஜின் 1,500 சிசியை ஒட்டியது. ஆகவே, பெரிய வரி.

ஆறு லட்சத்தைக் கடனாக வாங்கினால்? வட்டி வருடத்துக்கு 9 சதவீதம், தவணை ஐந்து வருடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் சுமார் 12,450 ரூபாய் கட்டவேண்டும். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 47 ஆயிரம்.

பெட்ரோலையும் பார்க்கலாம். கம்பெனிக் கணக்குப்படி ஸ்விஃப்ட் லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் தரும். ஜிம்னி தருவது 16.94. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால், ஜிம்னிக்கு 224 லிட்டர் கூடுதலாக வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால், வருடத்துக்கு 22,400 ரூபாய்.

பராமரிப்பும் கூடும். நாலு சக்கர இழுவைக்கு கியர், தண்டு, எண்ணெய் எல்லாமே கூடுதல். நாலு டயரும் ஒரே அளவாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால், உள்ளே இருக்கும் பாகங்களுக்குச் சிரமம்.

யாருக்கு வேண்டும்?

அப்படியானால் நாலு சக்கர இழுவை வீண் செலவா? அல்லவே அல்ல!

தார் ரோடு முடியும் இடத்துக்கு அப்பால் வீடோ, தோட்டமோ உள்ளவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் வண்டிப் பாதை களிமண் குழம்பாகிவிடும். கல்வராயன் மலைப் பக்கம் போகிறவர்களுக்கும், காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். அங்கே ஜீப் ஆடம்பரம் அல்ல. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அதுதான்.

முடிவு செய்வதற்கு ஒரு சின்ன வழி உண்டு. போன வருடம் முழுவதையும் நினைத்துப் பாருங்கள். சக்கரம் சுழன்று, கார் நகராமல் நின்றது எத்தனை நாள்? மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றால், நாலு சக்கர இழுவை வாங்கலாம். வருடத்துக்கு ஒரு நாளும் இல்லை என்றால், அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

"எனக்கு அந்த வண்டியைப் பிடித்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அதுவும் நியாயமே. ஆசைக்கு வாங்குவது குற்றம் அல்ல. ஆனால், அதை ஆசை என்றே சொல்லவேண்டும். "பத்திரம்" என்று பெயர் சூட்டக்கூடாது.

பத்திரம்தான் வேண்டும் என்றால், முதலில் டயரைப் பாருங்கள். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம். அதற்குக் கீழே சட்டப்படியும் ஓட்டக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். 2321 என்றால், 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நாலு டயரையும் மாற்றினால் ஆயிரக் கணக்கில் செலவாகும். லட்சக் கணக்கில் அல்ல. பிரேக் கட்டையையும், பிரேக் எண்ணெயையும் மாற்றிவிடலாம்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

அப்பா காகிதத்தில் கணக்குப் போட்டு முடித்தார். மகன் அதையே பார்த்துக் கொண்டிருந்தான்.

"போன வருடம் எத்தனை தடவை சக்கரம் சுழன்றது?" என்று அப்பா கேட்டார்.

மகன் யோசித்தான். "ஒரு தடவைப்பா. மாமா தோட்டத்தில். அன்றைக்கு டிராக்டர் வைத்து இழுத்தோம்."

"எத்தனை தடவை அவசரமாகப் பிரேக் பிடித்தாய்?"

மகன் பதில் சொல்லவில்லை. அதற்குக் கணக்கே இல்லை!

அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "மேலே ஏறுவதற்கு ஆறு லட்சம் என்றால், பத்திரமாக இறங்கி வருவதற்கு எவ்வளவு கண்ணு?"

மகன் எழுந்து வாசலுக்குப் போனான். காரின் பக்கத்தில் குனிந்தான். டயரின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தான். மேட்டுக்குச் சமமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவன் கார் விற்கும் கடைக்குப் போகவில்லை. டயர் கடைக்குப் போனான்.